சக்கரம் வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

(வீட்டிலேயே மண்பாண்டத் தொழில் தொடங்குவது பற்றி, கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர்கள் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டவும்.)



போன மாதம் மூணு குழுக்கள் தீர்மானப் புத்தகத்தோட என்கிட்ட வந்தாங்க. மூணு தீர்மானத்திலும் ஒரே விஷயம்தான். "மண்பாண்டத் தொழில் செய்ய மின்சாரச் சக்கரம் வாங்கக் கடன் தேவை." படிச்சதும் எனக்கு சந்தோஷம். கூடவே ஒரு பயம். ஏன் பயம்னு முதல்ல சொல்லிடறேன்.

நான் செய்த தப்பு

சமூகப்பணி பட்டம் வாங்கிட்டு நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம். ஆறு பெண்கள் சேர்ந்து குழுக்கடன் வாங்கி, அகல் விளக்கும் குழம்புச் சட்டியும் செய்ய ஆரம்பிச்சாங்க. கார்த்திகைக்கு முன்னாடி ஒரு கண்காட்சி. அதுல கடை போட இடம் வாங்கிக் கொடுத்தவள் நான்தான். நடுவில நாலு நாள் மழை பிடிச்சுக்கிச்சு. மண் சாமான் காயல. கண்காட்சிக்கு மூணு நாள்தான் பாக்கி.

குழுவில் வயசான ஒரு அம்மா ஒரு சட்டியை எடுத்து தன் கன்னத்துல வச்சுப் பார்த்தாங்க. "இன்னும் சில்லுன்னு இருக்கு கண்ணு. ரெண்டு நாள் போகட்டும்"னு சொன்னாங்க. நான் கேக்கல. "வெளியில காஞ்ச மாதிரிதானே இருக்கு, இன்னைக்கே சூளை வச்சாதான் கடை போட முடியும்"னு அவசரப்படுத்தினேன்.

தீ வச்சு அரை மணி நேரம்கூட ஆகல. சூளைக்குள்ள பட்டாசு மாதிரி பட் பட்னு சத்தம். மறுநாள் பிரிச்சுப் பார்த்தா, நாலில் ஒரு பங்குகூட முழுசா இல்ல. அந்த ஆறு பேரும் என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் எனக்கு இன்னும் வலிக்குது. அந்தக் கடனுக்குத் தவணை கட்டினது நான் இல்லை. அவங்கதான் கூலி வேலைக்குப் போய்க் கட்டினாங்க.

அந்த அம்மா கன்னத்துல வச்சுப் பார்த்தாங்களே, அது என்னன்னு பிறகுதான் கத்துக்கிட்டேன். மண்ணுக்குள்ள தண்ணி இருந்தா அது ஆவியாகும்போது சாமான் சில்லுன்னு இருக்கும். முழுசா காஞ்ச மண்ணில் அந்தக் குளிர்ச்சி இருக்காது. ஈரத்தோட சூளையில் வச்சு நெருப்பை ஏத்தினா, உள்ளே இருக்கிற தண்ணி நூறு டிகிரியில் நீராவியாகி, வெளியே போக வழி இல்லாம சாமானை உடைச்சுக்கிட்டு வரும். என் படிப்பில் இல்லாத பாடம் அந்த அம்மா கன்னத்தில் இருந்தது.

அதனால இன்னைக்கு நான் பேசப்போறது சக்கரத்தைப் பத்தி இல்லை. சக்கரம் வாங்கும் முன் தெரிய வேண்டிய மூணு விஷயம்: மண், நெருப்பு, கணக்கு.

இது நம்ம மண்ணின் தொழில்

இது நமக்குப் புதுசு இல்லை. நம்ம பென்னாகரம் பக்கம் பெரும்பாலையில் 2022ல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது, கீறல் குறியீடு போட்ட பானை ஓடுகள் கிடைச்சுது. அந்தக் காலத்துக் கறுப்பு சிவப்புப் பானை பார்த்திருக்கீங்களா? உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. நெருப்பையும் காத்தையும் கட்டுப்படுத்தத் தெரிஞ்சவங்களாலதான் அப்படிச் சுட முடியும். இன்னைக்கும் அதியமான்கோட்டையில் பொங்கல் பானையும் அகலும் செய்யற குடும்பங்கள் இருக்காங்க.

அதியமான், ஔவையார் கதை இந்த மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா சங்க காலத்தில் வெண்ணிக் குயத்தியார்னு ஒரு பெண் புலவர் இருந்தாங்க. புறநானூற்றில் 66வது பாட்டு அவங்க பாடினது, கரிகாலனைப் பத்தினது. குயத்தி என்றால் மண்பாண்டம் வனையும் குலத்துப் பெண். தொழில் பேரோடயே ஒரு பெண் பேர் நின்னுருக்கு.

இன்னைக்கு நிலைமை என்ன? மண்பாண்டம் செய்யற வீடுகளில் போய்ப் பாருங்க. மண்ணைச் சலிக்கிறது பெண். மிதிக்கிறது பெண். காய வைக்கிறது, திருப்பி வைக்கிறது, செம்மண் குழம்பு பூசறது, தலையில் சுமந்து சந்தையில் விக்கிறது, எல்லாம் பெண். ஆனா பல இடங்களில் சக்கரத்தில் பெண் உக்காரக் கூடாதுன்னு ஒரு வழக்கம். சக்கரம் சுத்தறவருக்குத்தான் தொழிலாளின்னு பேரு. மத்த வேலைக்கு "வீட்டு வேலை"ன்னு பேரு. கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. நாம தொழில் ஆரம்பிச்சா இந்தத் தப்பை நம்ம நோட்டிலும் செய்யக் கூடாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் இதுக்கு வர்றேன்.

மண்ணைச் சோதிக்க ஒரு ரூபாய் செலவில்லை

எல்லா மண்ணும் பானைக்கு ஆகாது. மூணு சோதனை சொல்றேன், வீட்டிலேயே செய்யலாம்.

முதல் சோதனை: மண்ணைப் பிசைஞ்சு விரல் தடிமனுக்குக் கயிறு மாதிரி உருட்டுங்க. அதை விரலைச் சுத்தி வளைங்க. விரிசல் இல்லாம வளைஞ்சா நல்ல களி. பொலபொலன்னு உடைஞ்சா மணல் அதிகம்.

இரண்டாவது சோதனை: மண்ணைத் தட்டி ஒரு பலகை மாதிரி செய்து, அதுல ஸ்கேல் வச்சு சரியா 10 செ.மீ. கோடு போடுங்க. நிழலில் நல்லா காஞ்சதும் அளங்க. 9 செ.மீ.க்கும் குறைஞ்சு போயிருந்தா மண் ரொம்பச் சுருங்குதுன்னு அர்த்தம், சாமான் காயும்போதே வெடிக்கும். சலிச்ச ஆத்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து மறுபடி கோடு போட்டுப் பாருங்க.

மூணாவது, நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியம். மண்ணில் வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் கல் இருக்கும். சந்தேகம் இருந்தா எலுமிச்சம்பழச் சாறு விடுங்க, சுண்ணாம்பு நுரைக்கும். அந்தக் கல் ஒரு பட்டாணி அளவு உள்ளே இருந்தாலும் போதும். சுட்டு எடுக்கும்போது சாமான் நல்லாத்தான் இருக்கும். பிறகு காத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்து உப்பி, ஒரு வாரத்தில் அந்த இடம் சில்லு பேந்து விழும். வாங்கினவங்க வீட்டில் விழும். அதனால மண்ணைத் தண்ணியில் கரைச்சு, மெல்லிய சல்லடையில் வடிகட்டி, தெளிய விட்டுப் பயன்படுத்துங்க. கரைச்ச மண்ணை ஈரத்துணி போட்டு மூடி ஒரு மாசம் வச்சா இன்னும் நல்லாப் பதப்படும்.

மண் எங்கே எடுக்கறது? ராத்திரி போய் ஏரியில் அள்ளிக்கிட்டு வரக் கூடாது. முன்னாடி இதுக்கு மாவட்ட ஆட்சியர் வரைக்கும் போகணும். 2024ல் தமிழ்நாடு அரசு விதியைத் திருத்தி, விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏரி, குளத்தில் வண்டல் மண், களிமண் கட்டணம் இல்லாம எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம்னு ஆக்கினாங்க. அறிவிக்கப்பட்ட ஏரிகளில்தான் எடுக்கலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடலாம். அனுமதிச் சீட்டு கையில் இருந்தா வழியில் யார் வண்டியை நிறுத்தினாலும் பயம் இல்லை.

சக்கரம் இல்லாமலே தொடங்கலாம்

சக்கரத்தில் ஒரு சட்டி நேரா எழும்பவே பல மாசம் கை பழகணும். அதுவரைக்கும் தவணை காத்திருக்குமா? காத்திருக்காது. அதனால சக்கரம் இல்லாம செய்யற சாமானில் தொடங்குங்க. உருண்டையைக் கட்டை விரலால் குழிச்சு அகல் செய்யலாம். மண் திரி உருட்டி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, பூசி, பூந்தொட்டி செய்யலாம். அச்சில் அழுத்தி விளக்கு, தட்டு செய்யலாம்.

இன்னும் ஒண்ணு, சூளையே வேண்டாத சாமான் களிமண் விநாயகர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது, இயற்கையான மண்ணில்தான் செய்யணும்னு சொல்லியிருக்காங்க. சுடாத மண் சிலைதான் தண்ணியில் கரையும். புதுசா தொடங்கற குழுவுக்கு நெருப்பு நஷ்டம் இல்லாத முதல் வேலை இது.

இடம் பெருசா தேவையில்லை. பத்துக்குப் பத்து அடி நிழல் போதும். சாமான் காய வைக்க மழை படாத பரண் ஒண்ணு, மண் மூடி வைக்க பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு, சல்லடை, பலகை, பழைய சேலைத் துணி. ஒரு எச்சரிக்கை. காஞ்ச மண் தூசியை விளக்குமாறு போட்டுப் பெருக்காதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைங்க. குழந்தை தூங்கற அறையில் மண் வேலை வேண்டாம்.

பக்கத்தில் பரம்பரையா இந்தத் தொழில் செய்யற குடும்பம் இருந்தா அவங்ககிட்ட போய்க் கத்துக்கோங்க. சும்மா இல்லை, கூலி கொடுத்துக் கத்துக்கோங்க. அவங்க சூளையில் இடம் கேட்டு வாடகை கொடுங்க. அவங்க விக்கிற அதே சாமானை அதே சந்தையில் ஒரு ரூபாய் குறைச்சு வித்து அவங்க வயித்துல அடிக்காதீங்க. நாம குழு ஆரம்பிச்சது இன்னொரு பெண்ணைத் தள்ளிவிட இல்லை.

நெருப்பு: பொறுமைதான் விறகு

செய்த சாமானை முதல்ல நிழலில் வைங்க. வெயில் காலமா இருந்தாலும் நாலஞ்சு நாள். கனமான சாமானுக்கு ஒரு வாரத்துக்கு மேல. ஒரு பக்கம் மட்டும் காஞ்சா கோணிக்கும், அதனால தினமும் திருப்பி வைங்க. பிறகு ஒரு நாள் வெயில். அதுக்கப்புறம் கன்னத்துல வச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா சூளைப் பக்கமே போகாதீங்க. யார் அவசரப்படுத்தினாலும் சரி, நானே வந்து அவசரப்படுத்தினாலும் சரி.

சூளை கூரை வீட்டுக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி இருக்கணும். காத்து அடிக்கிற நாளில் வேண்டாம். கீழே வறட்டி பரப்பி, சாமானைக் கவுத்து அடுக்கி, இடையில் வறட்டி, மேலே வைக்கோல், அதுக்கு மேல சேற்றுப் பூச்சு, புகை போக ஓட்டை. முதல் இரண்டு மூணு மணி நேரம் சின்ன நெருப்புதான். புகை வெள்ளையா வர்ற வரைக்கும் ஈரம் வெளியே போகுதுன்னு அர்த்தம். அது நின்னபிறகு நெருப்பை ஏத்துங்க. இந்த மாதிரிச் சூளையில் 700லேர்ந்து 900 டிகிரி வரைக்கும் சூடு வரும். சுட்டு முடிஞ்சா உடனே பிரிக்காதீங்க. ராத்திரி முழுக்க ஆறட்டும். சூட்டோட சூடா காத்து பட்டா விரிசல் விடும்.

எடுத்த சாமானை விரலால் தட்டுங்க. டங்குன்னு மணி மாதிரி கேட்டா நல்லா வெந்திருக்கு. டொப்புன்னு கேட்டா வேகல, இல்லைன்னா உள்ளே விரிசல். அதை விக்காதீங்க.

எப்போ என்ன செய்யணும்னு காலண்டரில் எழுதுங்க. நம்ம மாவட்டத்தில் புரட்டாசி, ஐப்பசியில்தான் மழை கொட்டும். கார்த்திகை விளக்கை ஐப்பசியில் செய்ய உக்காந்தா நான் பட்ட பாடுதான் படுவீங்க. ஆனி, ஆடியிலேயே அகலைச் சுட்டு அடுக்கிடுங்க. கோடைக்குத் தண்ணிப் பானை, சதுர்த்திக்கு விநாயகர், தைக்குப் பொங்கல் பானை. ஒவ்வொண்ணுக்கும் இரண்டு மூணு மாசம் முன்னாடியே வேலை தொடங்கணும்.

நோட்டை எடுங்க, கணக்குப் போடுவோம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். ஒரு உதாரணக் கணக்கு சொல்றேன். விலை ஊருக்கு ஊர் மாறும், நீங்க உங்க தொகையைப் போட்டுக்கோங்க.

இரண்டு பெண்கள் நாலு நாள் உக்காந்து 600 சின்ன அகல் செய்யறாங்க. உடைசல் 60 போக 540. ஒண்ணு 2 ரூபாய்னு மொத்தமா வித்தா 1,080 ரூபாய். மண் கொண்டு வந்த செலவு 150, வறட்டி, வைக்கோல் 250, ஆட்டோ வாடகை 180. ஆக 580 ரூபாய். மீதி 500. நோட்டில் என்ன எழுதுவோம்? "லாபம் ரூ.500." எல்லாரும் கை தட்டுவோம்.

நில்லுங்க. இரண்டு பேர், நாலு நாள், எட்டு ஆள் வேலை. 500ஐ எட்டால் வகுத்தா ஒரு நாளைக்கு 62 ரூபாய் 50 காசு. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு 2025-26ல் அறிவிச்ச நாள் கூலி 336 ரூபாய். இது லாபமா? நம்ம கூலியில் பெரும்பங்கை நாமே விட்டுக்கொடுத்து, அதுக்கு லாபம்னு பேர் வச்சிருக்கோம்.

இப்போ அதே இரண்டு பேர், அதே நாலு நாளில், 120 ஐந்து முக விளக்கு செய்யறாங்கன்னு வைங்க. உடைசல் 12 போக 108. செலவு 650 ரூபாய். என்ன விலை வைக்கலாம்? "பக்கத்துக் கடையில் 25க்குத் தர்றாங்க, நாமும் 25"னு வைக்காதீங்க. முதல்ல கூலியை எழுதுங்க. எட்டு ஆள், 336 வீதம் 2,688. செலவு 650 சேர்த்தா 3,338. அதை 108ஆல் வகுங்க. கிட்டத்தட்ட 31 ரூபாய். 31க்குக் கீழே வித்தா உங்க கூலி குறையுது. 31க்கு மேலே விக்கிறதுதான் லாபம்.

31க்குச் சந்தையில் போகலைன்னா? அப்போ மூணு வழி. உடைசலைக் குறைக்கணும். இடையில் வியாபாரி இல்லாம நேரா விக்கணும். இல்லைன்னா அந்தச் சாமானை விட்டுட்டு வேற சாமான் செய்யணும். எந்த வழின்னு நோட்டுதான் சொல்லும். நோட்டு இல்லாதவங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.

நேரா விக்க, பூமாலை வணிக வளாகம், மகளிர் திட்டக் கண்காட்சி, பள்ளிக்கூடம், நர்சரிப் பண்ணை, ஓட்டல் எல்லாம் கேட்டுப் பாருங்க. சமையல் சட்டிக்குப் பெயிண்ட் அடிக்காதீங்க. புதுச் சட்டியை அரிசி களைஞ்ச தண்ணியில் ஊற வச்சுப் பழக்கணும்னு வாங்கறவங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. இன்னொண்ணு, நம்ம மாவட்டத்தில் தண்ணியில் புளோரைடு பிரச்சனை எல்லாருக்கும் தெரியும். "எங்க பானையில் ஊத்தினா புளோரைடு போயிடும்"னு சொல்லி யாரும் விக்கக் கூடாது. மண் பானை தண்ணியைக் குளிர வைக்கும். புளோரைடை எடுக்கும்னு நம்பி ஒரு குழந்தை அந்தத் தண்ணியைக் குடிச்சா அந்தப் பாவம் நமக்கு.

கடனும் மானியமும்

சக்கரமே வேண்டாம்னு நான் சொல்லல. ஒரு வருஷம் கையால் செய்து, வித்து, நோட்டில் கூலி நின்னபிறகு வாங்குங்க. கைவினைஞர்களுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கிச்சு. 25 வகைத் தொழிலுக்கு, 35 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு, 3 லட்சம் வரை கடன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியம்னு அப்போ அறிவிச்சாங்க. விண்ணப்பிக்கும் முன் தருமபுரி மாவட்டத் தொழில் மையத்தில் இன்றைய விதி என்னன்னு நேரில் கேளுங்க. மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியமும் இருக்கு. வேலை செய்யறது நீங்கன்னா உங்க பேரில் பதிவு செய்யுங்க, வீட்டுக்காரர் பேரில் மட்டும் போதும்னு விட்டுடாதீங்க.

ஆனா ஒண்ணு. மானியம் வருதுன்னு தொழில் தொடங்காதீங்க. தொழில் நடக்குதுன்னா மானியம் வாங்குங்க. மழை பெய்தாலும் தவணை நாள் நிக்காது.

முடிவாக

அந்த மூணு குழுவுக்கும் நான் கேக்கறது இதுதான். தீர்மானத்தைக் கிழிக்க வேண்டாம். அதுக்கு முன்னாடி இன்னொரு தீர்மானம் எழுதுங்க. "மண்ணைச் சோதிப்போம். ஆறு மாதம் கையால் செய்து மூன்று சூளை சுட்டுப் பார்ப்போம். ஒவ்வொருவர் வேலை நாளையும் கூலியோடு நோட்டில் எழுதுவோம்." அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வாங்க. கணக்கு சரியா வந்தா, சக்கரக் கடனுக்கு உங்களோட வங்கிக்கு நானே வர்றேன்.

1989ல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டில் முதன்முதலா அரசுத் திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கினாங்க. அன்னைக்கு நம்ம அம்மாக்களுக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் கொடுத்த இயக்கம் இது. நம்ம உழைப்புக்கு விலை எழுதவும் நாம இங்கேதான் கத்துக்கணும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் உங்க ஊர் மண்ணில் ஒரு உருண்டை, 10 செ.மீ. கோடு போட்ட ஒரு பலகை கொண்டு வாங்க. இங்கேயே உக்காந்து அளந்து பார்ப்போம். அந்த வயசான அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. கன்னத்துல வச்சுப் பார்க்கிறது எப்படின்னு அவங்களே சொல்லித் தருவாங்க.